மூன்றாவது துண்டு

மார்ச் 4, செவ்வாய்

காலை 6.10-க்கு மூன்றாம் ஷெட் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏதோ விழுந்தது. அதற்குச் சற்று முன் இடி இடித்தது; வானத்தில் பொட்டு மேகம்கூட இல்லை. நானும் பாவாயக்காவும் முட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். சிமென்ட் சீட்டில் ஒரு சாண் ஓட்டை. நடைபாதையில் கரேலென்று ஒரு கல், விழுந்த வேகத்தில் மூன்றாக உடைந்து கிடந்தது. ஒன்று மாங்காய் அளவு, ஒன்று எலுமிச்சை அளவு, ஒன்று முட்டை அளவு.

"ஆரோ கல்லெடுத்து வீசறானுங்க அம்மணி" என்று பாவாயக்கா வெளியே ஓடி, நாலு திசைக்கும் பொதுவாகத் திட்டிவிட்டு வந்தார்.

பன்னிரண்டாயிரம் கோழி ஒரே நேரத்தில் கத்தினால் எப்படி இருக்கும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. ஏழு கோழி கூண்டுக் கம்பியில் கழுத்து மாட்டிச் செத்தது. தீவனம் பாதிதான் தின்றன. நாளை முட்டை குறையும்.

வழக்கமான வேலைகளைச் செய்து முடித்தேன். ஓட்டைக்குத் தார்ப்பாய் போட்டாயிற்று. பார்மலின் மருந்துக் கேன் காலி, வாங்கச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஷெட் வாசலில் மிதிக்கப் போடும் மருந்துச் சாக்கை மாற்றினேன்.

மார்ச் 5, புதன்

விழுந்தது விண்கல்லாம். ராசிபுரம் பக்கம் நூறு பேர் நெருப்புக் கோடு பார்த்திருக்கிறார்கள், டிவியில் காட்டினார்கள். முதலாளி நாச்சிமுத்து அய்யா காலை ஏழு மணிக்கே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"ஏம்மா வாணி, கல்லைத் தூக்கிக் கடாசிப்போட்டயா?"

"இல்லீங்கய்யா. தீவன ரூம்ல எடுத்து வெச்சிருக்கேன்."

இரண்டு துண்டையும் புது முட்டை அட்டையில் வைத்து, மேலே இன்னொரு அட்டை கவிழ்த்துக் கட்டினேன். தாசில்தார் ஆபீஸிலிருந்து வந்து எழுதி வாங்கிப் போனார்கள். பெங்களூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வரும்வரை யாரும் தொடக் கூடாதாம். பண்ணைக்குள் ஊரே வரப் பார்த்தது. ஒருவரையும் விடவில்லை. கேட்டில் தொங்கும் பலகையை எழுதியவள் நான்தான்: "மருந்து படாமல் உள்ளே எதுவும் வரக் கூடாது." இரண்டு வருடத்துக்கு முன் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்து ஒரு ஷெட் முழுவதையும் குழியில் கொட்டிய பிறகு எழுதியது. அன்றிலிருந்து லாரி டயர், தீவன மூட்டை, ஆள், செருப்பு, ஆணிப் பெட்டி எதுவானாலும் தெளிப்பானைக் காட்டித்தான் உள்ளே விடுவோம். மணி, மருந்து, அளவு எல்லாம் ஷெட் பதிவேட்டில் ஏறும். அதில் நான் கறார்.

முட்டை 640 குறைவு.

மார்ச் 8, சனி

நாளை ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். மூன்றாம் ஷெட் பதிவேட்டை எடுத்துப் போய் ஆபீஸ் அறை அலமாரியில் வைத்தேன். ஷெட்டில் தூசி அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

டாக்டர் ஃபர்ஹானா வந்தார். ஐம்பது வயது இருக்கும். சொந்த ஊர் வாணியம்பாடி, அதனால் தமிழில் பேச முடிந்தது. ஷெட் வாசலில் மருந்துச் சாக்கை மிதிக்கச் சொன்னேன். இரண்டு காலையும் ஒழுங்காக மிதித்துத் துடைத்துவிட்டு வந்தார். முதலாளி ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை.

முட்டை அட்டையைத் திறந்ததும் அந்த அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு பெரிய துண்டை எடுத்து முகர்ந்தார். நான் அவர் மூக்கையே பார்த்தேன். கல் ஐந்து நாள் காற்றாடியிருக்கிறது. ஷெட்டின் அமோனியா நெடியில் வேறு எதுவும் மூக்குக்குத் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

"எல்லா ஊர்லயும் நாங்க போறதுக்குள்ள கல்லைக் கழுவிடுவாங்க. மஞ்சள் பூசிடுவாங்க. உடைச்சு ஆளுக்கொண்ணு எடுத்துக்குவாங்க. இங்கதான் முதல் தடவையா காஞ்ச அட்டையில வெச்சுப் பார்க்கிறேன். யார் செஞ்சது?"

முதலாளி என்னைக் காட்டினார். "எங்க வாணி. பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி. பதினாலு வருசமா நம்ம சூப்பர்வைசர்."

"கல்லு மேல ஏதாவது பட்டுச்சா? நீங்க ஏதாவது செஞ்சீங்களா?"

என்னைத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முதலாளி, "என்ற பண்ணையில அப்படியெல்லாம் நடக்காதுங்க" என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு டாக்டர் விளக்கிச் சொன்னார். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் சிறுகோள்களில் பாதிக்குமேல் கரி நிறைந்தவை. தொலைநோக்கியில் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி இருட்டாகத் தெரியுமே தவிர, மேலே என்ன மண் கிடக்கிறது என்று தெரியாது. இப்படி விழும் கல்தான் வந்து சொல்ல வேண்டும்.

"ஆனா கல்லும் முழுசாச் சொல்லாது வாணி. ஒண்ணு ரெண்டு இடத்துல விண்கலம் போய் மண்ணு அள்ளிட்டு வந்திருக்கு. மேல இருக்கிறது ரொம்ப லேசு. தூசியும் பொடிக்கல்லும் ஒட்டியும் ஒட்டாம கிடக்கு. அப்படிப்பட்டது பூமிக்கு வந்தா காத்துலயே பொடியாயிடும். கெட்டியா இருக்கிறது மட்டும்தான் தரைக்கு வரும். சல்லடையில நின்னதை மட்டும் வெச்சுக்கிட்டு சலிச்சு விழுந்த மாவைப் பத்திப் பேசற மாதிரிதான் எங்க பொழப்பு."

பெரிய துண்டைத் திருப்பினார். உடைந்த பக்கத்தில் முட்டை அளவு ஒரு குழி. அதைச் சுற்றிக் கொஞ்சம் பொடி ஒட்டியிருந்தது.

"இங்க வேற ஒண்ணு இருந்திருக்கு. ரொம்ப உதிரியா. மேல்பரப்பு மண்ணு அப்படியே கட்டியாகி, இந்தக் கெட்டிக் கல்லுக்குள்ள பத்திரமா உக்காந்து வந்திருக்கு. இதுதான் எங்களுக்கு வேணும். கீழ கிடந்துச்சா?"

"கோழி எருவுக்குள்ள விழுந்திருக்குமுங்க மேடம்" என்றேன்.

அந்த அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கூண்டுக்கு அடியில் குனிந்துவிட்டார். ஒரு வருட எரு. இரண்டு மணி நேரம் கையால் கிளறினார். நான் டார்ச் பிடித்தேன். பாவாயக்கா கூண்டு வரிசையின் கோடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் கிடைக்கவில்லை. கல், எரு, தீவனம், கூரைச் சீட்டு எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டு மாலையில் கிளம்பினார். போகும்போது என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். வாசல் சாக்கை எடுத்துக் காயவைத்து, மடித்துத் தீவன அறைப் பரணில் போட்டேன். தூக்கி எறிய மனம் வரவில்லை. வாசலுக்கு வேறு சாக்கு.

மார்ச் 14, வெள்ளி

தடுப்பூசி. நான்காயிரம் குஞ்சு. கை வீங்கிவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

டாக்டர் போன் செய்தார். அவர்கள் ஆய்வகத்தில் விண்கற்களைப் பிரித்து, எடைபோட்டு, பத்திரப்படுத்தி எழுதிவைக்க ஓர் உதவியாளர் வேண்டுமாம். பி.எஸ்ஸி போதும். மே 20-ல் இன்டர்வியூ. "இந்த வேலைக்கு மூளைகூட அப்புறம்தான் வாணி. இருக்கிறதை இருக்கிறபடி வெச்சு, நடந்ததை நடந்தபடி எழுதற ஆள் வேணும். நான் உங்க பேரைச் சொல்லியிருக்கேன்."

வீட்டுக்காரர் முட்டை லாரியோடு கேரளா போயிருந்தார். அங்கேயே கூப்பிட்டுச் சொன்னேன். "போ, போ. நான் பெங்களூர் லைனுக்கு மாத்திக்கறேன்" என்றார். கல்யாணத்தன்றுகூட இவ்வளவு சந்தோஷமாகப் பேசினதில்லை.

எனக்கும் சந்தோஷம்தான். பதினான்கு வருடமாகத் தலைமுடியில் கோழி வாடை. எம்.எஸ்ஸி சேர வாங்கிவைத்த விண்ணப்பம் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கோழி வாடை இல்லாத ஓர் அறையில், வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நான். நினைத்தாலே சிரிப்பு வருகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

வெயில் 39. கூரைமேல் தண்ணீர் தெளிக்க ஆரம்பித்தோம். சாப்பாடு இறங்கவில்லை. வெயில்தான்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. கோழிக்குத் தெரியுமா? வேலைக்கு வந்தோம்.

டாக்டர் போன். குரலே துள்ளியது. கல்லுக்குள் ஃபார்மால்டிஹைடு எக்கச்சக்கமாக இருக்கிறதாம். அது கரியும் தண்ணீரும் சேர்ந்து வரும் எளிய பொருள். அதிலிருந்து சர்க்கரை பிறக்கும், சர்க்கரையிலிருந்து உயிருக்கான மற்றவை. இதுவரை எந்த விண்கல்லிலும் இவ்வளவு பார்த்ததில்லை என்றார்.

"சிறுகோள் மேல்பரப்பு இப்படித்தான் இருக்கும்னா, நாங்க எழுதிவெச்சதுல பாதியை மாத்தணும். ஆனா எனக்கே நம்ப முடியல. இது நம்ம ஊர் கார்பனா, மேல இருந்து வந்ததான்னு பிரிச்சுப் பார்க்க வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கேன். மூணு மாசம் ஆகும். அதுக்குள்ள மே 12-ல கூட்டம் இருக்கு, பேசப் போறேன். வாணி, பார்மலின்ல இருக்கிறதும் இதே ஃபார்மால்டிஹைடுதான், பண்ணையில அதைப் புழங்குவீங்கதானே? கல்லு இருந்த இடத்துல?"

"ஷெட் காலியா இருக்கும்போது புகை போடுவோமுங்க. கல்லுகிட்ட இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சுத்தானுங்க சொல்றேன்."

போனை வைத்தேன். முதல் தடவை முதலாளி சொன்னது. இது நான் சொன்னது.

ஏப்ரல் 15, செவ்வாய்

முட்டை 11,020.

ஏப்ரல் 25, வெள்ளி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கல் விழுந்து ஐம்பத்திரண்டு நாள் ஓடிவிட்டது. நான் அவ்வளவு பெரிய கெட்டிக்காரி போலிருக்கிறது.

மே 2, வெள்ளி

இன்டர்வியூ கடிதம் வந்தது. கவரில் என் பெயர், அதன் பக்கத்தில் பி.எஸ்ஸி. முதலாளி அதைத் தடவிப் பார்த்தார். "போய்ட்டு வா அம்மணி. உன்னையாட்ட ஆளு எனக்கு மறுக்கா கிடைக்காது, அது என்ற கஷ்டம்" என்றார். கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

மே 5, திங்கள்

இன்று பாவாயக்காவைச் சத்தம் போட்டேன். நேற்று எட்டாம் வரிசையில் ஆறு கோழி செத்திருக்கிறது. எடுத்துப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் ஒன்று என்று எழுதியிருக்கிறார். ஆறு என்று எழுதினால் நான் கேள்விமேல் கேள்வி கேட்பேனாம், அதற்குப் பயந்து.

"செத்ததை மறைச்சா நாளைக்கு அறுநூறு சாகும். எழுத்துப் பொய்யாப் போனா வைத்தியர் வந்து எதைப் பார்த்து மருந்து சொல்லுவார்? உங்களுக்கு ஒரு ஆளோட பயம், எனக்கு ஷெட்டே போயிரும். தெரியுதா உங்களுக்கு?"

பாவாயக்கா கூடையைக் கீழே வைத்தார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"தெரியுது அம்மணி. அந்த மூணாவது கல்லை நீ அந்தப் பெங்களூர் அம்மாகிட்டச் சொன்னயா? பாவம், அத்தனை நேரம் பீயைக் கிளறிச்சே."

நான் ஆபீஸ் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 6, செவ்வாய்

காலை பத்து மணிக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்க வாணி, லெட்டர் வந்துச்சா?"

"வந்துருச்சுங்க மேடம். அதில்லீங்க. கல்லு மேல நான் பார்மலின் அடிச்சனுங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

"விழுந்து பத்து நிமிசத்துல. ரெண்டு பர்சன்ட். ரெண்டு தடவை. உள்ள வர்ற எல்லாத்துக்கும் அடிக்கிறதுதானுங்க. மேல இருந்து வந்தாலும் உள்ள வந்ததுதானேன்னு அடிச்சுட்டேன். பதிவேட்டுல அன்னைக்கே எழுதியிருக்குதுங்க. நீங்க வர்றதுக்கு முந்தின நாள் எடுத்து ஒளிச்சு வெச்சேன்."

"அந்தக் குழியில இருந்தது?"

"முட்டை அளவு இருந்துச்சுங்க. மருந்து பட்டதும் ஊறின புட்டாட்டம் உதிர்ந்து சேறாயிருச்சு. சாக்குல துடைச்சு, அந்தச் சாக்கையே வாசல்ல போட்டேன். நீங்க அதை மிதிச்சுட்டுத்தானுங்க உள்ள வந்தீங்க."

"ரெண்டு மணி நேரம் தேடினேனே வாணி" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு குரல் மாறியது. "சாக்கு இருக்கா?"

"இருக்குதுங்க. மறுபடி நனையாம வெச்சிருக்கேன்."

"தட்டாதீங்க, உதறாதீங்க. அப்படியே அனுப்புங்க. பதிவேட்டுப் பக்கத்தையும்."

"மேடம், இருபதாம் தேதி நான் வரட்டுங்களா?"

"இப்போதைக்கு வேண்டாம் வாணி" என்று வைத்துவிட்டார்.

முதலாளியிடமும் சொன்னேன். இடி விழப் போகிறது என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மருந்தடிக்காம கல்லை உள்ள வெச்சிருந்தீன்னா அன்னைக்கே உன்னைய வூட்டுக்கு அனுப்பியிருப்பேன். அதைப் போய் மறைச்சிருக்கறயே. நானும் பெரிய மனுசனாட்டம் முந்திட்டுப் பேசிப்போட்டேன் பாரு" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வேலை போனதற்கு முக்கால்வாசி, அந்த அம்மாவின் குரலுக்குக் கால்வாசி. பொய் எழுதி என்ன ஆகப் போகிறது.

மே 8, வியாழன்

சாக்கைப் பாலித்தீன் பையில் போட்டு, பையையும் பதிவேட்டுப் பக்கத்தையும் பெட்டியில் போட்டு, பெட்டியை பஸ் பார்சலில் ஏற்றினேன். உள்ளே என்ன என்று கேட்டார்கள். சாக்கு என்றேன். சாக்குக்குள் என்ன என்றார்கள். சாக்குதான் என்றேன்.

மே 20, செவ்வாய்

முட்டை 10,870. ஒன்பதாம் வரிசைத் தண்ணீர்க் குழாய் அடைப்பு. சரி செய்தோம்.

ஜூன் 20, வெள்ளி

டாக்டரிடமிருந்து கடிதம், கையால் எழுதியது. மே 12 கூட்டத்தில் ஃபார்மால்டிஹைடு கணக்கை எடுத்துவிட்டதாகவும், ஏன் எடுத்தார் என்பதற்கு எங்கள் பதிவேட்டுப் பக்கத்தைத் திரையில் காட்டியதாகவும் எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் உள்ள பாவாயக்காவின் கையெழுத்தும் சேர்ந்து போயிருக்கும்.

சாக்கைப் பிரித்து அலசிச் சலித்தார்களாம். தவிடு, சுண்ணாம்பு, இறகு, சணல், இவற்றுக்கு நடுவே அறுபத்தொரு கல்மணிகள். மணல் பொடியைவிடச் சிறியவை. அவற்றின் மேல் ஊசி குத்தினதுபோல் குழிகள். உள்ளே சூரியனிலிருந்து பறந்து வந்து புதைந்த வாயு. காற்றே இல்லாத இடத்தில், சிறுகோளின் மேல்தோலில், வெயிலில் நேராகக் கிடந்தவற்றுக்குத்தான் அப்படி இருக்கும். உப்பும் கரிப் பொருளும் கரைந்து போயின, அவை போனதுதான். சூரியன் உள்ளே வைத்தது என் மருந்துக்குப் போகவில்லை. கெட்டிக் கல்லுக்கும் இந்த உதிரிக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து இனி எழுதப் போகிறாராம்.

வேலைக்கு மைசூர்ப் பெண் ஒருத்தி சேர்ந்திருக்கிறாள். அது ஒரே வரி. வயிறு எரிந்தது. அதை எழுதாமல் விட்டால் இது என்ன டைரி?

கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "தப்பு உங்களுடையது மட்டுமல்ல. நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். கல் கிடைத்தவர்களிடம் கேட்கும் படிவத்தை மாற்றியிருக்கிறோம். முதல் படிவம் உங்களுக்கு." கூடவே படிவம். முதல் கேள்வி: "கல் விழுந்த இடத்தில் தினமும் என்னென்ன வேலை செய்வீர்கள்? அன்று அவற்றில் எதையெல்லாம் செய்தீர்கள்?"

ஜூன் 21, சனி

படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். அங்கே எழுதியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். இந்த டைரியில் அந்த நாள் அரைகுறையாக நிற்கிறது.

மார்ச் 4, செவ்வாய். காலை 6.20. தெளிப்பானில் ஐந்து லிட்டர் பார்மலின் கரைசல் இருந்தது. கல் சுடும் என்று நினைத்துத் தள்ளி நின்றேன். சுடவில்லை. கெட்டித் துண்டுகள் இரண்டுக்கும் இரண்டு முறை அடித்தேன். மூன்றாவதன் மேல் பட்டதும் அது உள்ளுக்கு உறிஞ்சிக்கொண்டது, அப்புறம் சரிந்தது. அந்த மண்ணுக்குள் நானூற்றைம்பது கோடி வருடத்துக்கு முன் பனி உருகித் தண்ணீர் ஓடியிருந்ததாம். டாக்டர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அது காய்ந்த பிறகு அதன்மேல் பட்ட முதல் ஈரம் என் தெளிப்பானிலிருந்து போனது. முகமூடி கழுத்தில் தொங்கியது. பார்மலின் நெடியையும் மீறி ஒரு வாசனை வந்தது. புதுத் தாரும் முதல் மழை மண்ணும் கலந்த மாதிரி. பாவாயக்காவைக் கூப்பிட்டேன், அவர் வெளியே திட்டிக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அது போய்விட்டது. நான் மட்டும்தான் முகர்ந்தேன்.

பிறகு சாக்கை எடுத்துத் துடைத்தேன். பிறகு முட்டை எடுக்கப் போனேன்.